பேர் வைக்காத பிள்ளையும் வாசலுக்கு வந்த தொட்டில்களும்

எந்த வருஷம் என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள், ஆனால் நாவற்குறிச்சிக்கு மினிபஸ் வந்த பிறகு, தென்காசிப் பக்கம் சாரல் நன்றாக விழுந்த ஓர் ஆனி மாதத்தில், செண்பகவடிவு தன் பிள்ளைக்குத் தொட்டில் எடுக்கப் போனாள், இருபத்து மூன்று தொட்டிலைப் பார்த்து ஒன்றை எடுத்து வந்தாள், மறுநாள் காலையில் கதவைத் திறந்தபோது அவள் வேண்டாமென்று விட்டுவந்த இருபத்திரண்டு தொட்டில்களும் வாசலில் வரிசையாக வந்து நின்றுகொண்டிருந்தன என்பதில் மட்டும் ஊரில் யாருக்கும் இரண்டு பேச்சு கிடையாது.

முதலில் பார்த்தது எதிர்வீட்டு வேண்டாம்மாள். ஐந்தாவதும் பெண்ணாய்ப் பிறந்த கோபத்தில் அவள் அப்பா வைத்த பேர் அது. அறுபத்திரண்டு வருஷமாக அந்தப் பேரைச் சுமந்துகொண்டு, காலையில் இடியாப்பம் அவித்து விற்று, யாரையும் ஒரு சொல் கடிந்து பேசாமல் இருந்துவந்த மனுஷி.

"ஏ வடிவு, கடையவே தூக்கிட்டு வந்துட்டியாட்டி?"

"நான் எங்க சித்தி தூக்கிட்டு வந்தேன்? அதுவால்லா வந்து நிக்கி."

"நடந்தா?"

"காலப் பாருங்க, சேறு."

வேண்டாம்மாள் குனிந்து பார்த்தாள். மரத்தொட்டிலுக்கும் இரும்புத் தொட்டிலுக்கும் ஒன்றுபோல முழங்கால் வரைக்கும் செம்மண் சேறு அப்பியிருந்தது, பிரம்புத் தொட்டில் ஒன்று மழையில் நனைந்து தும்முகிற மாதிரி கிறீச்சிட்டது, எல்லாமும் ஆட்டுவார் இல்லாமல் தானாக ஆடிக்கொண்டிருந்தன. "அம்புட்டுத் தூரம் நடந்தா களைச்சுத்தான போகும்," என்று சொல்லிவிட்டு அவள் இட்லிக்கொப்பரையில் தண்ணீர் ஊற்றப் போய்விட்டாள்.

செண்பகவடிவு எப்படிப்பட்டவள் என்பது தெரிந்தவர்களுக்கு இதில் பெரிய அதிசயம் ஒன்றும் இல்லை. அவள் ஊரில் ஜாக்கெட் தைக்கிறவள். உனக்கு வட்டக்கழுத்து, உனக்குப் பானைக்கழுத்து என்று அடுத்தவளுக்குச் சொல்ல அவளுக்குக் கண்ணிமைக்கிற நேரம் போதும், கத்தரிக்கோல் ஒரு தடவைகூடத் தயங்காது. தனக்கென்று வந்துவிட்டால் கால்கிலோ கத்தரிக்காய் பொறுக்கக் காலைச்சந்தைக்குப் போனவள் கடை கட்டும்போதுதான் வருவாள். அதுவும் சந்தோஷமாய் வருவாளா என்றால் இல்லை, வாங்கின காய் பையில் இருக்கும், விட்டுவந்த காய் மனசில் இருக்கும், குழம்பு கொதிக்கும்போது மனசில் இருக்கிற காய்தான் மணக்கும். புதுச்சேலை கட்டினால் கட்டாத சேலை கண்ணுக்குள் வந்து நிற்கும். இப்படியே அவளுக்கு முப்பத்தாறு வயசு ஆகியிருந்தது.

அவள் புருஷன் சங்கிலிமுத்து அந்த மினிபஸ்ஸை ஓட்டுகிறவன். அவன் வேறு வார்ப்பு. கைக்கு எட்டின சட்டையைப் போடுவான், கண்ணில் பட்ட முதல் கடையில் டீ குடிப்பான், குடித்துவிட்டு "நல்ல டீ" என்பான், அது வெந்நீராகவே இருந்தாலும். பெண் பார்க்க வந்தபோது காப்பி வருவதற்கு முன்னாலேயே சரியென்று சொல்லிவிட்டு, வந்த காப்பியை நிம்மதியாகக் குடித்தவன். வடிவு அவனுக்கு முன்னால் ஏழு மாப்பிள்ளையை வேண்டாமென்றிருந்தாள்.

"நல்லவேளை, அப்பவே இந்த வழக்கம் ஆரம்பிக்கல," என்றாள் வேண்டாம்மாள், தொட்டில்களைப் பார்த்துக்கொண்டே. "இல்லன்னா ஏழு மாப்பிள்ளையும்லா வாசல்ல நின்னு ஆடிக்கிட்டிருப்பான்."

தொட்டிலோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஆடியில் அவள் ஒரு மின்விசிறி வாங்க, வாங்காத பதினாறு விசிறிகள் ரோட்டோரமாக ஒன்றன்பின் ஒன்றாகப் பறந்து வந்தன. ஆவணியில் ஒரு சேலை எடுக்க, எடுக்காத தொண்ணூற்று நான்கு சேலைகள் சாயங்காலம் கொக்குக்கூட்டம் மாதிரி வரப்புக்கு மேலே வந்து அவள் வீட்டு வேலியில் இறங்கின. புடலங்காய் வந்தது, குடை வந்தது, தலையணை வந்தது. கடைக்காரர்கள் முதலில் வண்டி பிடித்து வந்து அள்ளிக்கொண்டு போனார்கள், பொழுது சாய்வதற்குள் எல்லாம் திரும்பி வந்துவிட்டன, மறுபடி அள்ளினார்கள், மறுபடி வந்தன. கடைசியில் தொட்டில் கடை முதலாளி நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "தங்கச்சி, இது இங்கயே நிக்கட்டும், வேணுங்கறவங்க எடுத்துக்கிட்டு உங்க வீட்டுக்காரர் பஸ்லயே துட்டக் குடுத்துவிட்ரட்டும், எனக்கு வண்டி வாடகை மிச்சம்," என்று சொல்லிவிட்டு மோர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். அதிலிருந்து அந்தத் தெரு பாதி தெருவும் பாதி கடையுமாக ஆயிற்று, சங்கிலிமுத்து பஸ்ஸைத் திருப்பும்போது தொட்டில்களுக்கு ஹாரன் அடித்தால் அவை ஒதுங்கி வழி விடவும் பழகின.

அவற்றை எடுத்துப்போவதற்கு ஒரு முறை இருந்தது, அதைக் கண்டுபிடித்தவளும் வேண்டாம்மாள்தான். கொழுக்கட்டைத் துணி உலர்த்த ஏதாவது வேண்டுமென்று அவள் கைக்குக் கிடைத்த ஒரு தொட்டிலை இழுத்து, "இது நல்லாத்தான இருக்கு," என்று கொண்டுபோனாள், அது அவள் வீட்டிலேயே தங்கிவிட்டது. ஆனால் தபால்காரர் நெல்லையப்பன் ஒரு விசிறியைக் கொண்டுபோய் மாட்டிவிட்டு, மறுநாள் வந்து அதற்குப் பக்கத்தில் நின்ற விசிறியின் இறக்கையை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான், சாயங்காலம் அவர் வீட்டு விசிறி ஒயரும் கொக்கியுமாகத் திரும்பி வந்து வரிசையில் நின்றுகொண்டது. ஒரு பொருளைப் பக்கத்துப் பொருளோடு சேர்த்துப் பார்க்காமல் எடுத்தால் அது உங்களோடு வரும், சேர்த்துப் பார்த்தால் திரும்பி ஓடிவரும். இது புரிந்த பிறகு ஊர்க்காரர்கள் வடிவு வீட்டுத் தெருவுக்கு வரும்போது குதிரைக்குக் கண்பட்டை கட்டின மாதிரி இரண்டு கையையும் கன்னத்தோடு ஒட்டிவைத்துக்கொண்டு வந்தார்கள், நேரே தெரிகிறதை எடுத்தார்கள், நல்லாருக்கு என்றார்கள், போனார்கள்.

அந்தப் பழக்கம் அப்படியே மற்றக் காரியத்துக்கும் பரவிற்று. வெள்ளாட்டை விற்க வந்தவனிடம் ஒரே வார்த்தையில் விலை முடிந்தது. எந்தப் பிள்ளை எந்தப் பிள்ளையைவிட அதிக மார்க் என்ற பேச்சு டீக்கடையில் தானாக ஓய்ந்தது. தீபாவளிக்குத் துணி எடுக்கப் போன பொம்பளைகள் போன பஸ்ஸிலேயே திரும்பி வந்து, மிச்ச நேரத்துக்கு என்ன செய்வதென்று தெரியாமல், மத்தியானம் காலை நீட்டிப் படுத்துத் தூங்கி எழுந்தார்கள், எழுந்தவர்களின் முகமெல்லாம் கழுவி வைத்த குத்துவிளக்கு மாதிரி இருந்தது. வயிற்றெரிச்சல் மாத்திரை விற்கிற கடைக்காரர் மட்டும் கொஞ்சம் வருத்தப்பட்டார்.

ஊரே சுகப்பட்டது, வடிவு மட்டும் வாடிக்கொண்டிருந்தாள். ஏனென்றால் அவள் வீட்டில் தொட்டிலைவிடப் பெரிய காரியம் ஒன்று முடியாமல் கிடந்தது. அவள் பிள்ளைக்கு இன்னும் பேர் வைக்கவில்லை.

பதினோரு வருஷம் இல்லாமலிருந்து பிறந்த பிள்ளை. சித்திரையில் பிறந்தது, பதினாறாம் நாள் பேர் வைக்க வேண்டும், அத்தைமார் வந்து வெல்லமும் வேப்பங்கொழுந்துமாக உட்கார்ந்தாயிற்று, வடிவு, "இன்னும் ரெண்டு நாள் பொறுங்க," என்றாள். அந்த இரண்டு நாள் ஆடி ஆயிற்று, ஐப்பசி ஆயிற்று, தை ஆயிற்று. ஜாக்கெட் அளவு எழுதுகிற நோட்டில் பின்பக்கமிருந்து அவள் பேர்களாக எழுதிக்கொண்டே வந்தாள். நாச்சியார் என்று எழுதினாள், நன்றாகத்தான் இருந்தது, ஆனால் கிழவி பேர் மாதிரி இருந்தது. அருள்மொழி என்று எழுதினாள், ஆம்பளைப் பேராகவும் போகும். கனி என்று எழுதினாள், அது சின்னப் பேர், தெருவுக்கு நாலு கனி இருக்கிறாள், பதினோரு வருஷம் காத்துப் பெற்ற பிள்ளைக்கு ஒரு வாய் மிட்டாய் மாதிரி இத்தனூண்டு பேரா என்று தோன்றியது. இப்படி முந்நூற்றுப் பன்னிரண்டு பேர், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு குற்றம்.

அதனால் அந்தப் பிள்ளையை ஆளாளுக்கு ஒன்று கூப்பிட்டார்கள். அப்பன் குட்டி என்றான், வேண்டாம்மாள் சிட்டு என்றாள், தபால்காரர் மேடம் என்றார், பிள்ளை எல்லாரையும் பார்த்துச் சிரிக்கும், ஆனால் முதுகுப் பக்கமிருந்து யார் என்ன சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பாது. பத்து மாசம் ஆனபோது வடிவு பயந்துபோய் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். நர்ஸம்மா பிள்ளையின் காதுக்குப் பின்னால் கிலுக்கை ஆட்டினாள், வெடுக்கென்று திரும்பியது.

"காது நல்லாத்தான் இருக்கு. கிலுக்குக்குக் கிலுக்குன்னு பேரு இருக்கு, திரும்புது. இவளுக்கு எதுக்குத் திரும்பணும்னு தெரிய வேண்டாமா?" என்றாள் நர்ஸம்மா.

அன்றிலிருந்து வடிவுக்குச் சோறு இறங்கவில்லை. தையல் மிஷினில் உட்கார்ந்தால் ஊசி ஓடும், மனசு நோட்டின் பின்பக்கத்தில் ஓடும். அவள் வாங்கின ஒரு தொட்டிலில் பிள்ளை கிடந்து ஆடும்போது வாசலில் விட்ட தொட்டில்களும் சேர்ந்து ஆடும், அந்தச் சத்தம் கேட்கக் கேட்க, ஒரு பேரை வைத்துவிட்டால் விட்ட பேரெல்லாம் வந்து வாசலில் நிற்குமே, அதில் ஒன்று இதைவிட நல்லதாக இருந்து, பிள்ளை அதைத் தேடிப் போய்விட்டால் என்ன செய்வது என்று அவள் நோட்டை மறுபடி முதலிலிருந்து புரட்டுவாள்.

"ஏளா," என்றான் சங்கிலிமுத்து ஒருநாள், பிள்ளையை முதுகில் ஏற்றி பஸ் மாதிரி ஓட்டிக்கொண்டே, "எனக்கு எந்தப் பேரும் சம்மதம்தான். பதினோரு வருஷமா நான் சாமிகிட்டப் பிள்ளையத்தான கேட்டேன், பேரையா கேட்டேன்?"

"உங்களுக்கு வெந்நீரும் டீதான்."

"சூடா இருந்துச்சில்லா?"

அவள் சிரிக்கவில்லை. அவன்தான் அப்புறம் வழி சொன்னான், முத்தாரம்மன் கோயிலில் பூக்கட்டிப் பார்த்துவிடலாம் என்று. மனசு இரண்டுபட்டால் அந்த ஊரில் அதுதான் வழக்கம். வெள்ளைப்பூ ஒன்றும் சிவப்புப்பூ ஒன்றும் தனித்தனியே இலையில் மடித்து நாரால் கட்டி அம்மன் காலடியில் போடுவார்கள், பூசாரி கண்ணை மூடி ஒன்றை எடுப்பார், வந்த பூ எதுவோ அதுதான் வாக்கு. கிணறு வெட்டுவதும் பெண் கொடுப்பதும் அப்படித்தான் முடிவாகும்.

"ரெண்டு பேரச் சீட்டுல எழுதி பூவோட வச்சுக் கட்டு," என்றான் அவன்.

எந்த இரண்டு என்று யோசித்ததில் பதினைந்து நாள் போயிற்று. பதினாறாம் நாள் வடிவு பூவரச இலையைப் பறித்துக்கொண்டு வந்து உட்கார்ந்து, முந்நூற்றுப் பன்னிரண்டு பேரையும் எழுதி, முந்நூற்றுப் பன்னிரண்டு பொட்டலம் கட்டி, பெரிய பனையோலைப் பெட்டி நிறைய அள்ளி இடுப்பில் வைத்துக்கொண்டு கோயிலுக்கு வந்தாள்.

பூசாரி கந்தையா எட்டிப் பார்த்தார். "என்ன தாயி, சுண்டலா?"

"பேரு சாமி. பிள்ளைக்கு."

"எத்தன?"

"முந்நூத்திப் பன்னெண்டு."

"ஆத்தாளுக்கே தலை சுத்திருமே தாயி," என்றார் அவர், ஆனாலும் மனம் கேளாமல் எல்லாவற்றையும் அம்மன் காலடியில் கொட்டி, கண்ணை மூடி ஒரு பொட்டலம் எடுத்துப் பிரித்து வாசித்தார். "மங்கையர்க்கரசி!"

நின்ற பொம்பளைகள் எல்லாரும் வாய் நிறையக் குலவை போட்டார்கள். வடிவு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். துடைத்துவிட்டு, "நல்ல பேருதான் சாமி. ஆனா அதுக்குப் பக்கத்துல கிடந்தது என்னன்னு ஒருக்கப் பாத்துக்கிடட்டா?" என்றாள். போட்ட குலவை பாதித் தொண்டையிலேயே நின்றுபோனது.

பக்கத்தில் கிடந்ததைப் பார்த்தார்கள். அதற்குப் பக்கத்தையும் பார்த்தார்கள். நாற்பதாவது பொட்டலம் பிரித்தபோது விளக்குக்கு இரண்டாம் முறை எண்ணெய் ஊற்றியாயிற்று, வந்த பொம்பளைகள் எல்லாரும் வீட்டுக்குப் போயாயிற்று.

"தாயி," என்றார் கந்தையா, கையைக் கழுவிக்கொண்டே, "ஆத்தா முதல்லயே சொல்லிட்டா. நீதான் கேக்கல. எனக்குப் பசிக்கி, நான் வாரேன்." நடையைச் சாத்திவிட்டுப் போய்விட்டார்.

பிரித்ததையெல்லாம் மறுபடி கட்டி நடைவாசலில் வைத்துவிட்டு வெறும் பெட்டியோடு வடிவு வீட்டுக்கு நடந்தாள். பின்னால் என்னவோ சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தால், பூவரச இலைப் பொட்டலங்கள் முந்நூற்றுப் பன்னிரண்டும் மழைக்காலத் தவளை மாதிரி தத்தித் தத்தி அவள் பின்னால் வந்துகொண்டிருந்தன. அவள் நின்றால் நின்றன, நடந்தால் தத்தின. தண்ணிக்குப் போனால் குழாயடிக்கு வந்தன, நூல் வாங்கப் போனால் கடைக்கு வந்தன. ஊர்க்காரர்கள் மிதிபடாமல் காலைப் பார்த்து வைத்தார்கள், அவ்வளவுதான். கோழிகள் இரண்டு நாள் கொத்திப் பார்த்துவிட்டு விட்டுவிட்டன.

பங்குனி உத்திரம் வந்தது. அன்றைக்கு அந்தச் சீமையில் யாரும் வீட்டில் இருக்க மாட்டார்கள், அவரவர் சாஸ்தா கோயிலுக்குக் கிளம்பிவிடுவார்கள். வடிவு வீட்டுச் சாஸ்தாவுக்குக் குளக்கரையில் கோயில். பிள்ளைக்கு முதல் மொட்டை அங்கேதான், காது குத்துவதும் அங்கேதான், காது குத்தும்போது பேர் சொல்லியே ஆக வேண்டும், பேர் சொல்லாமல் குத்த ஆசாரி சம்மதிக்க மாட்டார்.

"என்ன பேருட்டி சொல்லப் போற?" என்றான் சங்கிலிமுத்து, பஸ்ஸை எடுத்துக்கொண்டே.

"சொல்லுதேன்."

"எப்ப?"

"அங்கன போயி."

பொட்டலங்கள் பஸ்ஸின் பின்படியில் ஏறிக்கொண்டன. கண்டக்டர் எண்ணிப் பார்த்தான், பாதியில் கணக்கு விட்டுப்போய், "சரி, எல்லாம் சாமி கும்பிடத்தான வருது," என்று விசில் ஊதிவிட்டான்.

குளக்கரையில் ஆயிரம் ஜனம். நாவிதர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், பிள்ளைகள் வரிசையாக அழுதன, ஒரு மணி நேரத்தில் அந்தக் கரையில் இருந்த குழந்தை அத்தனையும் மொட்டையாகி, சந்தனம் பூசி, ஒரே பனங்குலையில் காய்த்த காய் மாதிரி ஆகிவிட்டன. மருதமரத்து நிழலில் பெரிய ஜமுக்காளம் விரித்து எல்லாவற்றையும் அதில் விட்டிருந்தார்கள். வடிவின் பிள்ளையும் அதில் இருந்தது. பக்கத்தில் வேண்டாம்மாள் பொங்கல் பானையும் பிள்ளையுமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். வடிவு பத்தடி தள்ளி ஆசாரியிடம் கம்மல் பார்க்கப் போனாள். ஒரு முத்துக் கம்மல் இருந்தது, மூன்று கல் கம்மல் இருந்தது. ஒரு முத்து அழகு, மூன்று கல் மினுக்கம். வெயிலில் தூக்கிப் பார்த்தாள், நிழலில் வைத்துப் பார்த்தாள். அந்த நேரத்தில் பானை பொங்கியது, எல்லாப் பொம்பளைகளும் எழுந்து கிழக்கே பார்த்துக் குலவை போட்டார்கள், குலவை ஓய்ந்து வேண்டாம்மாள் திரும்பிப் பார்த்தால் பிள்ளை இருந்த இடத்தில் ஒரு கிலுக்கு மட்டும் கிடந்தது.

"வடிவூ!"

வடிவு ஓடி வந்தாள். கையில் இருந்த இரண்டு கம்மலும் எங்கே விழுந்ததென்று அவளுக்குத் தெரியாது. ஜமுக்காளத்தில் கிடந்த மொட்டைகளை ஒவ்வொன்றாகத் திருப்பினாள், ஒன்றும் அவளுடையது இல்லை. கரையெல்லாம் மொட்டைகள், தோளில் மொட்டை, இடுப்பில் மொட்டை, ராட்டினத்தில் மொட்டை. அங்கிட்டுப் பார்த்தால் குளம், தண்ணீர் வெயிலில் பளபளவென்று ஆடிக்கொண்டிருந்தது. கூப்பிட வாயைத் திறந்தாள், எதைச் சொல்லிக் கூப்பிடுவது?

பந்தலில் மைக் வைத்துக்கொண்டிருந்தவர், காணாமற்போன செருப்பையும் ஆளையும் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டியிருந்தார். "அழாதீங்கம்மா, உடனே சொல்லிருவோம். என்ன அடையாளம்?"

"பொம்பளப் பிள்ள. பதினோரு மாசம். மொட்ட."

"இங்க எல்லாம் மொட்டதானம்மா. பேரச் சொல்லுங்க."

வடிவு நின்றாள்.

"பேரும்மா, பேரு!"

முந்நூற்றுப் பன்னிரண்டு பேரும் ஒரே நேரத்தில் அவள் தொண்டைக்கு வந்தன, உத்திரத்தன்று பஸ் படியில் ஜனம் முட்டுகிற மாதிரி ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு, மங்கையர்க்கரசி குறுக்கே நிற்க, அருள்மொழி அதன் தோளில் ஏற, ஒன்றும் இறங்க முடியாமல் அடைத்துக்கொண்டு நின்றன. அப்போது சின்னதாய் ஒரு பேர், சின்னதாய் இருந்ததாலேயே, மற்றதன் காலுக்கு அடியில் புகுந்து நழுவி வெளியே வந்துவிட்டது. வடிவு அந்த ஆள் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினாள்.

"கனீ...! ஏ கனி...! அம்ம இங்க இருக்கேன்ட்டீ...!"

பனைமரத்தில் கட்டியிருந்த எட்டுக் குழாயிலிருந்தும் அந்தச் சத்தம் புறப்பட்டுக் குளத்துக்கு மேலே போயிற்று. நாரைகள் எழும்பின. பொங்கல் கிண்டின கை நின்றது. அந்தக் கூட்டத்தில் இருந்த பதினாறு கனிகள், கைக்குழந்தைக்காரி கனியிலிருந்து பல் போன கனி வரைக்கும், "என்ன?" என்று எழுந்து நின்றார்கள். தண்ணீர் தூக்கக் குடத்தோடு படித்துறைக்கு இறங்கிக்கொண்டிருந்த சங்கிலிமுத்து, கீழ்ப்படியில் ஒரு சந்தன மொட்டை உட்கார்ந்து தண்ணீருக்குள் ஒரு கையை விட்டு அளைந்துகொண்டிருப்பதைப் பார்த்தான், அந்த மொட்டை கையை வெளியே எடுத்து, பிறந்து பதினோரு மாசத்தில் முதல் தடவையாக, கூப்பிட்ட திசைக்கு முகத்தைத் திருப்பியதையும் பார்த்தான். குடத்தைப் போட்டுவிட்டு அவன் இறங்கின வேகத்தில் நாலு படியைக் காணவில்லை.

அவன் பிள்ளையைத் தூக்கித் தலைக்கு மேலே காட்டிக்கொண்டு கரையேறியபோது வடிவு மைக்கை இன்னும் விடவில்லை. "கனி, கனி," என்று அவள் அழுவதும் சிரிப்பதும் எட்டுக் குழாயிலும் கேட்டுக்கொண்டிருந்தது. மைக்குக்காரர், "கெடச்சாச்சும்மா, குடுங்க, ஒரு செருப்பு விஷயம் சொல்ல வேண்டியிருக்கு," என்று கெஞ்சித்தான் வாங்கினார்.

ஆசாரி ஊசியை எடுத்தார். "பேரு?"

"கனி."

"முத்தா, கல்லா?"

"கைக்கு வாரதப் போடுங்க அண்ணாச்சி, பிள்ள அழுது."

காது குத்தி முடிந்து பார்த்தால், பொட்டலங்களின் நார் எல்லாம் இளகி அவிழ்ந்து கிடந்தது. பூ இருந்தது, சீட்டு இருந்தது, சீட்டில் எழுத்து இல்லை.

"பேரெல்லாம் எங்கயோ எறங்கிப் போயிருக்கு," என்றாள் வேண்டாம்மாள், பொங்கலை இலையில் வைத்துக்கொண்டே. "நாளைக்குக் காலைல வாசலுக்கு வந்துரும் பாரு."

அவள் சொன்னபடிதான் ஆயிற்று. மறுநாள் விடிந்ததும் தெருவில் கூப்பிடுகிற சத்தம். தொட்டிலுக்குக் கால் உண்டு, விசிறிக்கு இறக்கை உண்டு, பேருக்கு என்ன உண்டு, அதனால் அவை வெறும் குரலாக வந்திருந்தன, சோறு ஆறுது வா என்று தாய்மார் பிள்ளையைக் கூப்பிடுகிற அதே குரலில், வேலியிலும் கூரையிலும் கரண்டுக் கம்பத்திலும் இருந்துகொண்டு, "ஏ நாச்சியாரு", "ஏ அருள்மொழி", "மங்கையர்க்கரசீ", என்று முந்நூற்றுப் பதினோரு பேரும் தங்களைத் தாங்களே கூப்பிட்டுக்கொண்டிருந்தன. கதவுக்குப் பின்னால் வடிவு பிள்ளையின் இரண்டு காதையும் உள்ளங்கையால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"கையெடுட்டி, காது குத்துன புண்ணு," என்றான் சங்கிலிமுத்து.

"எல்லாம் எம்புட்டு நல்ல பேரு. பிள்ள எதுக்காவது திரும்பிட்டா?"

"திரும்பட்டும். கையெடு."

பிள்ளை தானாகவே நழுவி வாசற்படிக்குத் தவழ்ந்து போய் உட்கார்ந்துகொண்டது. வேண்டாம்மாள் கொடுத்த இடியாப்பத்தில் ஒரு இழையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டது. வேலியிலிருந்து ஒரு பேர் கூப்பிட்டது, கூரையிலிருந்து ஒன்று கூப்பிட்டது, பிள்ளை இடியாப்பத்தைப் பார்த்தது.

ஊர் ஜனம் வரத் தொடங்கியது. எப்படி எடுப்பதென்று யாரும் சொல்லித்தரத் தேவைப்படவில்லை, கூப்பிடுகிற பேருக்கு, "என்ன?" என்று கேட்டால் அது கேட்டவருக்கு ஆயிற்று. முதலில் மினிபஸ்ஸுக்கு ஒன்று எடுத்தார்கள், கண்டக்டர் ஹாரன் அடித்துப் பதில் சொன்னான், மங்கையர்க்கரசி என்ற பேர் போய் வண்டி நெற்றியில் உட்கார்ந்தது. அருள்மொழியை இதுவரைக்கும் கறுப்பி என்று மட்டும் கூப்பிடப்பட்ட வெள்ளாடு ஒரு கத்தலில் வாங்கிக்கொண்டது. மாசமாக இருந்த நாலு பெண்கள் வயிற்றைத் தடவிக்கொண்டு வந்து நின்று, முதலில் காதில் விழுந்த பேருக்குத் தலையாட்டிவிட்டுப் போனார்கள். பிறகு ஓசை கொஞ்சம் அடங்கினபோது, இட்லிக்கொப்பரைக்கு மேலே, ஆவிக்குள்ளிருந்து ஒரு குரல், "பூங்கோதை... ஏ பூங்கோதை..." என்று கூப்பிட்டது.

வேண்டாம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். அது மறுபடி கூப்பிட்டது. தெருவில் யாரும் பதில் சொல்லவில்லை, எல்லாரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் கையை முந்தானையில் துடைத்தாள், முகத்தைத் துடைத்தாள், கொண்டையை ஒருதரம் அவிழ்த்து முடிந்தாள்.

"இந்தா வாரேன்," என்றாள்.

தெருவே குலவை போட்டது. நெல்லையப்பன் தபால் பையைக் கீழே வைத்துவிட்டு, "பூங்கோதை அக்கா, நாலு இடியாப்பம்," என்றார். அவள் எட்டு வைத்தாள்.

உச்சிப்பொழுதுக்கும் பேர்கள் மிச்சமிருந்தன, ஒன்றுக்கு ஒன்று அழகாகக் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தன. வடிவு கொஞ்ச நேரம் கேட்டாள். அப்புறம் யாருடைய ஜாக்கெட்டோ பாதியில் கிடந்தது நினைவுக்கு வந்து மிஷினில் உட்கார்ந்தாள், கை தைத்தது, பசி எடுத்தது, எழுந்து போய்ச் சோற்றைப் பிசைந்தாள். வாசலில் எந்தப் பேர் யாரோடு போகிறது என்பதை அவள் கவனிக்கவில்லை. அடுப்படியில் இருந்தபடியே, குரலைக்கூட உயர்த்தாமல் கூப்பிட்டாள்.

"ஏ கனி. சாப்பிட வா."

அத்தனை பேர்களும் கூப்பிட்டுக்கொண்டிருந்த வாசலில் உட்கார்ந்திருந்த பிள்ளை சட்டென்று திரும்பியது, வாயெல்லாம் இடியாப்பமாகச் சிரித்தது, இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு உள்ளே தவழ்ந்து வந்தது.